யாரையும் தெரியாத உலோகம்

ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு. மாணவருக்கு நாற்பத்தாறு.

அந்த ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடைக்கலத்தைப் பார்த்ததும் அவரையே பேராசிரியர் என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். அவர் கூச்சப்பட்டு உள்ளே கைகாட்டுவார். உள்ளே ரஹ்மத் நிஸா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கும் கம்பி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடைக்கலம் பதினெட்டு வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தியவர். கரும்பலகையில் ஒரு வரி எழுதும்போதே அடுத்த வரியை வாய் சொல்லிக்கொண்டிருக்கும். பாடத்தைத் தேர்வுக்கு வெகுநாள் முன்பே முடித்துவிடுவார். பையன்கள் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தபோது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வயதில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்ததற்குக் காரணம் அவர் மனைவி மெய்யம்மை.

மெய்யம்மைக்கு முப்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காத வகை. நாள்தோறும் இன்சுலின் போட்டாக வேண்டும், போடுவதற்கு முன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்தாக வேண்டும். ஒரு சித்திரையில், சோதிக்கிற ஸ்ட்ரிப் டப்பா ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்டது. மீட்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கிருந்த மருத்துவர்தான் விளக்கினார். அந்த ஸ்ட்ரிப்பில் நொதி, அதாவது என்சைம், தடவியிருக்கிறது. நொதி உயிருள்ள ஒன்றிலிருந்து எடுத்தது. வெயிலும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும்.

அடைக்கலம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். உயிருள்ளது கெடும். உலோகம் கெடாது. அப்படியானால் நொதியே இல்லாமல் வெறும் உலோகத்தால் சர்க்கரையை அளந்தால் என்ன?

விசாரித்தபோது, பக்கத்து மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதையே செய்துகொண்டிருந்த ஒருவரின் பெயர் கிடைத்தது. ரஹ்மத் நிஸா. துளைகள் நிறைந்த பிளாட்டினத்தை வளர்ப்பவர்.

முதல் நாள் அடைக்கலம் தன் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரஹ்மத் நிஸா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவசரமா சார்?”

“ஆமா மேடம்.”

“சரி, வாங்க,” என்றார் ரஹ்மத் நிஸா.

*

வேலை சிக்கலானதல்ல. பிளாட்டின உப்பையும் சோப்பு போன்ற ஒரு பொருளையும் சேர்த்துக் கெட்டிப் பசையாக்க வேண்டும். அதற்குள் மெல்லிய கம்பியை இறக்கி மின்சாரம் செலுத்தினால், கம்பியின் நுனியில் பிளாட்டினம் படியும். சோப்பு இருந்த இடத்தைச் சுற்றித்தான் படியும். பிறகு கம்பியைச் சுத்தமான நீரில் ஊறவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட சோப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். அது விட்டுப்போன இடமெல்லாம் துளை. கண்ணுக்குத் தெரியாத, ஒன்றுக்குள் ஒன்று போகிற துளைகள். பளபளக்கிற பிளாட்டினம் அப்போது கரியைப் போலக் கறுத்திருக்கும்.

சிக்கல் அந்த ஊறலில்தான். அது நாள்கணக்கில் ஆகும். நடுவே செய்வதற்கு ஒன்றுமில்லை. நீரை மாற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும்.

அடைக்கலத்துக்கு அது ஒத்துவரவில்லை. காலையில் வந்ததும் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நீரை ஆட்டுவார். மேசைகளைச் சுற்றி நடப்பார். ஒரு முறை நீரைச் சூடாக்கிப் பார்த்தார், படலம் உரிந்து வந்துவிட்டது. இன்னொரு முறை, இவ்வளவு ஊறியது போதும் என்று அவராகவே முடிவுசெய்து வெளியே எடுத்தார்.

அப்படி எடுத்த ஒரு நாள் அவர் ரஹ்மத் நிஸாவிடம் போய் நின்றார். பல நாளாக மனத்தில் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

“மேடம், நொதிக்குச் சர்க்கரையைத் தெரியும். ஆயிரம் பேர் கூட்டத்துல விட்டாலும் நேரா போய் அதோட கையைத்தான் பிடிக்கும். இந்த உலோகத்துக்கு யாரையுமே தெரியாது. யார் வந்து எலக்ட்ரான் கொடுத்தாலும் வாங்கிக்கும். அப்புறம் இது எப்படிச் சர்க்கரையை மட்டும் கண்டுபிடிக்கும்?”

ரஹ்மத் நிஸா அவர் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார்.

“ஊறிடுச்சா?”

“ஓரளவு ஊறிடுச்சு மேடம்.”

அவர் கம்பியை வாங்கினார். எழுந்துபோய் அதைத் திரும்பவும் நீரில் தொங்கவிட்டார். வந்து உட்கார்ந்து, தான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார்.

அடைக்கலம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பதில் ஏதாவது வரும் என்று நினைத்தார். வரவில்லை.

*

ஆனி மாதத்தோடு அவருடைய விடுப்பு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டுமானால், மறுபரிசீலனைக் கூட்டத்தில் ஏதாவது காட்டியாக வேண்டும். வெயில் ஏற ஏற அடைக்கலத்தின் நடையும் ஏறியது.

அரைகுறையாக ஊறிய கம்பிகள் சர்க்கரையைச் சரியாகக் காட்டவில்லை. உள்ளே சோப்பு அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடைக்கலம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மின்னழுத்தத்தைக் கூட்டினார். கூட்டியதும் திரையில் கோடு துள்ளி எழுந்தது. சர்க்கரையை இரட்டித்தால் கோடும் இரட்டித்தது. அன்று அவர் மதியச் சாப்பாட்டை மறந்துபோனார்.

ரஹ்மத் நிஸா வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

“கரைசல்ல வேற யார் யாரெல்லாம் இருந்தாங்க?”

“யாரும் இல்ல மேடம். சர்க்கரையும் உப்பும் மட்டும்தான்.”

“ஆளில்லாத வீட்டுல யார் கூப்பிட்டாலும் நல்லாக் கேக்கும் சார்.”

ரத்தத்தில் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும் என்றார் அடைக்கலம். இப்போது வேண்டாம் என்றார் அவர். இன்னும் ஊறட்டும், அழுத்தத்தைப் பழையபடி குறையுங்கள், ரத்தத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் என்ற சொல் அடைக்கலத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மேடத்துக்கு என்ன, வேலை நிரந்தரம், வயது இருக்கிறது, வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர் யாரும் இல்லை. அப்படி நினைத்ததற்காக அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆனாலும் நினைப்பதை நிறுத்தவில்லை.

அன்று மாலை, உள்ளங்கையில் அடங்குகிற அளவிடும் கருவியையும் இரண்டு கறுத்த கம்பிகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

பல்கலைக்கழகத்தை ஒட்டிய குடியிருப்பில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். முன்னறையில் மெய்யம்மை பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினாள். இரண்டு தையல் மிஷின்கள், துணி வெட்டும் நீள மேசை, சுவரெல்லாம் காகித அளவுகள்.

அவர் கருவியைக் கொண்டுவந்து காட்டியதும் மெய்யம்மை கேள்வியே கேட்காமல் விரலை நீட்டினாள். ஒரு சொட்டு ஸ்ட்ரிப்புக்கு, ஒரு சொட்டு கறுத்த கம்பிக்கு. இரண்டு எண்களும் அருகருகே வந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அடைக்கலம் சின்னப் பிள்ளையைப் போல வீட்டுக்குள் வளையவந்தார். இனி உனக்கு ஸ்ட்ரிப் வாங்கவே வேண்டாம், வெயிலுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டப்பா தீர்ந்தபோது அவர் புதியது வாங்கவில்லை. மறந்தல்ல, வேண்டுமென்றே விட்டார்.

வைகாசி நடுவில் மெய்யம்மைக்குக் காய்ச்சல் வந்தது. இரவு காய்ச்சல் மாத்திரை போட்டாள், விடிந்ததும் இன்னொன்று. வாய் கசந்தது. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அடைக்கலம் அவள் விரலைக் குத்தி ரத்தத்தைக் கம்பியில் தொட்டார். எண் சரசரவென்று ஏறியது. மிக அதிகம். அவருக்குக் கவலை வந்தது, கூடவே ஒரு திருப்தியும். காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பது எல்லோரும் அறிந்தது. கருவி அதைச் சரியாகப் பிடித்துவிட்டது.

“ஏறியிருக்கு. கொஞ்சம் கூடப் போட்டுக்க,” என்றார். “எப்படி இருக்கு உனக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள்.

மெய்யம்மை வழக்கத்தைவிடக் கூடுதலாக இன்சுலின் போட்டுக்கொண்டாள். அவர் ஆய்வகத்துக்குக் கிளம்பினார்.

போய்ச் சேர்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. தையல் வகுப்புக்கு வருகிற ஒரு பெண். டீச்சர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டார், கூப்பிட்டால் பேசவில்லை, வேர்வை ஆறாக ஊற்றுகிறது என்றாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மெய்யம்மையின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வந்தபோது சர்க்கரை வெறும் இருபத்தெட்டு என்றார் பணியில் இருந்த மருத்துவர். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார். எதை நம்பி இவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் முறையாக அடைக்கலத்துக்குச் சொல் வரவில்லை.

*

மறுநாள் ரஹ்மத் நிஸாவின் முன் நின்றபோது சொற்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கருவியை அனுமதியில்லாமல் எடுத்துப் போனதை முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு காரணங்கள் வந்தன. ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தது, காய்ச்சல் எதிர்பாராதது, ரத்தத்தில் கலந்த மாத்திரையும் கூட்டிவைத்த அழுத்தத்தில் எலக்ட்ரான் கொடுத்து எண்ணை ஏற்றிவிடும் என்று படித்திருந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது, விடுப்பு முடிகிறது.

ரஹ்மத் நிஸா குறுக்கே பேசவில்லை. காரணங்கள் தீர்ந்தன. அடைக்கலம் ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

“அக்கா எப்படி இருக்காங்க?” என்றார் ரஹ்மத் நிஸா.

“நல்லா இருக்கா மேடம். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அவர் தலையசைத்தார். பிறகு பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை எழுதத் தொடங்கினார். முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார். அடைக்கலம் அதைப் பார்த்துப் பதறினார். தன் பெயரை மட்டும் போடும்படி கெஞ்சினார்.

“கருவி என் ஆய்வகத்துலேருந்துதான் சார் வெளியே போச்சு,” என்றார் அவர்.

குழு இருவரையும் தனித்தனியாக அழைத்து விசாரித்தது. கடுமையாகத்தான் பேசினார்கள். அடைக்கலம் மனித ரத்தத்தைத் தொடக் கூடாது என்று முடிவானது. மறுபரிசீலனைக் கூட்டம் தள்ளிப்போனது. விடுப்பு நீளுமா என்பது யாருக்கும் தெரியவில்லை. ரஹ்மத் நிஸா அடுத்த ஆண்டு புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதை அவர் ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்து உதவியாளர் மூலமாகத்தான் அடைக்கலத்துக்குத் தெரிந்தது.

அன்று அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வளாகத்தின் பின்பக்கம் வேப்பமரங்களுக்கு நடுவே இருந்த மண்பாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். இனி பாலிடெக்னிக்குக்கே திரும்பிவிடுவது என்று முடிவுசெய்தார். ஆய்வகச் சாவியைக் கொடுக்க உள்ளே வந்தார். சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“அன்னிக்குக் கேட்டேன், நீங்க பதில் சொல்லல. இப்பவாவது சொல்லுங்க மேடம். இந்த உலோகத்துக்கு யாரையும் தெரியாது. மாத்திரையையும் தெரியாது, சர்க்கரையையும் தெரியாது. என் பொண்டாட்டி உயிரும் அதுக்குத் தெரியல. இதை வச்சு என்ன பண்றது?”

ரஹ்மத் நிஸா சாவியைத் தொடவில்லை. எழுந்து போய் இரண்டு கம்பிகளைக் கொண்டுவந்தார். நுனியின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இன்னொன்று கறுத்திருந்தது. அது அவரே வளர்த்து, பல வாரம் ஊறவைத்தது. இரண்டையும் உப்புக் கரைசலில் இறக்கினார். அழுத்தத்தைக் குறைவாக வைத்தார். ஒரு காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, அதில் ஒரு துளியை விட்டார்.

திரையில் இரண்டு கோடுகளும் லேசாக எழுந்தன. ஒரே உயரம்.

அடைக்கலம் குனிந்து பார்த்தார். “கறுப்புக்கு உள்ள அவ்வளவு இடம் இருக்கே. மாத்திரைக்கு ரெண்டும் ஒரே மாதிரியா காட்டுது?”

“மாத்திரைக்கு உள்ள போக வேலையே இல்ல சார். தொட்ட உடனே கொடுத்திடும். வாசல்லயே முடிஞ்சிடும்.”

பிறகு சர்க்கரையை விட்டார். பளபளப்பான கம்பியின் கோடு அசைந்ததாகவே தெரியவில்லை. கறுத்த கம்பியின் கோடு மெல்ல எழுந்தது. மாத்திரையின் உயரத்தைத் தாண்டியது. நிற்காமல் மேலே போனது.

“சர்க்கரை?” என்றார் அடைக்கலம்.

“அது வாசல்ல ஒண்ணும் கொடுக்காது. உள்ள போகும். ஒரு சுவரைத் தொடும், விலகும். இன்னொரு சுவரைத் தொடும். உள்ள எவ்வளவு தூரம் இருக்கோ அவ்வளவு தூரம் அலையும். எங்கேயோ ஒரு இடத்துல கொடுக்கும்.”

அடைக்கலம் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அதுக்கு யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.”

“இல்ல சார். உள்ள இடம் இருந்தாப் போதும்.”

அடைக்கலம் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தான் பாதியில் எடுத்த கம்பிகளையெல்லாம் தேடிப்பிடித்து, புதிய நீரை ஊற்றித் திரும்ப ஊறவைத்தார். குடுவைகளை ஆட்டவில்லை. கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நாள் என்று மனம் ஓடத் தொடங்கியது. பல நாளுக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

அவர் கிளம்பும்போது ரஹ்மத் நிஸா கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா சார்?”

*

ரஹ்மத் நிஸா ஸ்கூட்டரில் வந்தார். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. அடைக்கலத்தின் மனம் காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. குழு மேற்கொண்டு ஏதாவது சொல்லிவிட்டதோ, அதைச் சொல்லத்தான் வருகிறாரோ என்று இருந்தது. அப்படி ஒன்றுமில்லை. அவர் முன்னறையில் மெய்யம்மை தைத்துக்கொண்டிருந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப எப்படிக்கா இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் மேடம். எனக்கென்ன, அவராலதான் உங்களுக்கு இல்லாத தொந்தரவு எல்லாம் வந்திருச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

நலம் விசாரிக்க வந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்துவிடுவார்கள். ரஹ்மத் நிஸா எழவில்லை. மெய்யம்மை தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கைக்குழியில் துணி ஏன் சுருங்காமல் உட்கார்கிறது என்று கேட்டார். மெய்யம்மை சொன்னாள். ரஹ்மத் நிஸா தன்னுடைய சுடிதார் தோள்பட்டையில் எப்போதும் இழுப்பதைச் சொன்னார். மெய்யம்மை அவரை நிற்கவைத்து அளந்து, வெட்டினவன் தோளைச் சரித்து வெட்டவில்லை என்றாள்.

அடைக்கலம் உள்ளே போனார், வெளியே வந்தார். காபி வேண்டுமா என்று கேட்டார். கொய்யாவைக் கழுவி நறுக்கினார். வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். மேடம் எதற்காக வந்தார் என்பது இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. மெய்யம்மை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ரஹ்மத் நிஸா சரி என்றார். சாப்பிட்டார்கள். பழையபடி முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு வந்தபோது பேசினார்கள். வராதபோது மெய்யம்மை ஓரம் அடித்தாள், ரஹ்மத் நிஸா கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார்.

வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. மெய்யம்மை கையிலிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அன்னிக்கு எனக்குத் தெரியும்.”

ரஹ்மத் நிஸா என்னவென்று கேட்கவில்லை.

“காலையில எந்திரிச்சதுலேருந்து விரல் நுனி வெடவெடன்னு இருந்துச்சு. ஊசியில நூல் கோக்க முடியல. சர்க்கரை இறங்கினாத்தான் எனக்கு அப்படி வரும். பதினாறு வருஷமா இந்த உடம்போட இருக்கேன், எனக்குத் தெரியாதா?” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இவரு அந்த அளக்குற மிஷினைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. ஏறியிருக்குன்னு சொல்றாரு, ஆனா மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். அவரை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாச்சு. அதைப் பார்த்ததும், என் விரல்தான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் போட்டுக்கிட்டேன்.”

அடைக்கலம் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். டம்ளர் சுட்டது. கீழே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மெய்யம்மை அவரைப் பார்க்கவில்லை. அவர் நிற்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. ரஹ்மத் நிஸா அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுடிதார் துணி கொண்டுவந்தால் தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். கட்டாயம் தருகிறேன், ஆனால் ஒரு வாரம் ஆகும் என்றாள் மெய்யம்மை. ஆகட்டும் என்றார் அவர்.

அடைக்கலம் வாசல் கேட் வரை கூட வந்தார். ரஹ்மத் நிஸா ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். அடைக்கலம் ஸ்கூட்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், நான் கேட்டேன். ஊசி போடறதுக்கு முன்னாலேயே, எப்படி இருக்கு உனக்குன்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா. என் காதால கேட்டேன்.”

ரஹ்மத் நிஸா ஹெல்மெட்டின் பட்டையைச் சரிசெய்தார்.

“கேட்டுட்டு எங்க சார் உட்கார்ந்தீங்க?”

அன்று காலை அந்த அறையில், மெய்யம்மைக்குப் பக்கத்தில், நாற்காலி ஒன்று இருந்ததா இல்லையா என்பதுகூட அடைக்கலத்துக்கு நினைவில்லை.